டோங்கா மரப்பட்டைத் துணி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுத்த மாதம் ஆக்லாந்திலிருந்து ஒரு வாரம் பசிபிக் தீவு நாடான டோங்கா போகிறோம், கடற்கரையைவிட எனக்கு ஆசை ஙாத்து என்ற மரப்பட்டைத் துணி மேல்தான். காகித மல்பெரி மரத்தின் உள்பட்டையை உரித்து ஊறவைத்து, கொட்டாப்புளி மாதிரி ஒரு கட்டையால் அடித்து அகலமாக்கி, கிழங்கு மாவுப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் குபேசி என்கிற அச்சை வைத்துப் பழுப்புச் சாயம் தேய்த்துக் கோலம் எடுக்கிறார்கள். எல்லாம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலை. கல்யாணம், சாவு இரண்டுக்கும் சீர் போல இதைத்தான் கொண்டுபோய் வைப்பார்களாம், அதனால் சும்மா சுவர் அலங்காரமாக நினைத்துப் பேரம் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தலைநகர் நுக்குஅலோஃபாவில் தாலாமாஹு சந்தையில் வாங்கலாமா, இல்லை கிராமத்தில் செய்கிறவர்களிடமே நேரில் வாங்க வழி இருக்கிறதா? பேரம் பேசுவது அங்கே வழக்கமா? இரண்டடிக்குச் சின்னத் துண்டு போதும். திரும்பும்போது ஆக்லாந்தில் செடி சம்பந்தப்பட்ட பொருள் என்று அறிவிக்க வேண்டும், தெரியும் (அறிவிக்காமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்). ஆனால் பூச்சி பார்க்கிறேன் என்று பிடித்து வைத்துக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா? மடித்தால் கோடு விழுமா, சுருட்டித்தான் கொண்டுவரணுமா?

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அங்கே அரசியலமைப்புப்படியே ஓய்வு நாள், கடை எல்லாம் மூடியிருக்கும். நாங்கள் இறங்குவது சனி இரவு! மறுநாள் ஞாயிறு தேவாலயத்துப் பாட்டுக் கேட்கப் போனால் என்ன உடுத்துவது? இடுப்பில் பாய் கட்டுகிற தாஒவாலா வெளியாட்களுக்கும் வேண்டுமா?