பெரிய காலிப்பர் மாட்டிய பிறகு பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறது

நாலுசக்கரம்:
முன்சக்கரங்களில் இருந்த ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) எடுத்துவிட்டு நான்கு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க், புது பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ் எல்லாம் மாட்டியிருக்கிறேன். பின்பக்கம் பழைய டிஸ்க் பிரேக்தான், அதைத் தொடவில்லை. பிரேக் லைனில் ஏர் எடுத்தாகிவிட்டது (ப்ளீடிங்), டியூபில் குமிழ் வரவில்லை, எங்கும் கசிவும் இல்லை. ஆனாலும் பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது, பிடிக்கிற இடத்திலும் கெட்டியாக இல்லை. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது, கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் மறுபடி அதே நிலைதான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போதவில்லை, பெரியது வாங்கு என்கிறார்கள். அதற்கு முன்னால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? விட்டம்: மாஸ்டர் 22.2 மி.மீ., பழைய பிஸ்டன் 54 மி.மீ., புதியது நான்கும் 44 மி.மீ. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு.

ஸ்பேனர்செட்:
முதலில் ஒன்று, இது சரியாகும்வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பம்ப் செய்தால் பிடிக்கிறதே என்று ஓட்டிப் பார்ப்பது ஆபத்து, அவசரத்தில் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

பெடல் அதிக தூரம் போவது வேறு, மெத்தென்று இருப்பது வேறு. மாஸ்டர் சிறியது என்றால் பெடல் கீழே போய்ப் பிடிக்கும், ஆனால் பம்ப் செய்வதால் பெரிய மாற்றம் வராது. பம்ப் செய்தால் ஏறுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி அதிகம். பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மாஸ்டருக்குள் இருக்கும் சீல் போயிருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது.

இடது காலிப்பர் வலதிலும் வலது இடதிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளீடர் நிப்பிள் (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் மேலே தேங்கிய காற்று வராது. அப்புறம் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள் பலவற்றில் உள்பாதிக்கு ஒன்று, வெளிப்பாதிக்கு ஒன்று என்று இரண்டு நிப்பிள் இருக்கும். இரண்டிலும் ஏர் எடுக்க வேண்டும். எடுக்கும்போது காலிப்பரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் சுவரில் ஒட்டியிருக்கும் குமிழ்கள் நகர்ந்து வரும்.

நாலுசக்கரம்:
நிப்பிள் மேலேதான் இருக்கிறது, இரண்டிலும் எடுத்தேன். பிடித்துக்கொண்டே இருந்தால் பெடல் இறங்கவில்லை. பழைய ஹோஸைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் ரிசர்வாயரில் (மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பா) ஆயில் முழுக்க வடிந்துவிட்டது, அது முக்கியமா?

வளைவுப்பாதை:
மாஸ்டர் பேச்சை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பழைய காலிப்பர் மிதக்கும் வகை, அதாவது பக்கவாட்டில் நகரும், 54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 2290 சதுர மி.மீ. நிலையான நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் எண்ணினால் போதும், ஏனென்றால் மிதக்கும் காலிப்பரில் ஒற்றைப் பிஸ்டனே இரண்டு பேடின் இடைவெளியையும் சேர்த்து நகர்கிறது, இங்கே அந்த வேலையை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 44 மி.மீ. இரண்டு என்றால் சுமார் 3040. ஆக முன்பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆயில் தேவை, அந்த அளவுக்குப் பெடல் கீழே போகத்தான் செய்யும். மாஸ்டரை 25.4 மி.மீ. ஆக்கினால் அதன் பரப்பு 31 சதவீதம் கூடுகிறது, கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஆனால் அதே மிதிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் குறையும், பின்பக்கக் காலிப்பர் மாறாததால் அங்கே பிடிப்பு பழையதைவிடக் குறைந்துவிடும். அதனால் இது கடைசி வேலை. காற்று இருக்கும்போது மாஸ்டரை மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

டிஸ்க்கும்பேடும்:
ரிசர்வாயர் காலியானதுதான் இங்கே முக்கியமான விஷயம். காற்று மாஸ்டர் வழியாக ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருக்கலாம். அதற்குள் சாதாரணமாக மூடியே இருக்கும் வால்வுகள் உண்டு, அவற்றுக்குப் பின்னால் மாட்டிய காற்று பெடல் மிதித்து எடுக்கும் ப்ளீடிங்கில் வராது, டியூபிலும் குமிழ் தெரியாது. பல வண்டிகளில் ஸ்கேன் டூலை (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) இணைத்து ஏபிஎஸ் ப்ளீடிங்கை ஓடவிட்டால் பம்பும் வால்வும் இயங்கி அந்தக் காற்றை வெளியே தள்ளும். அது முடிந்ததும் நான்கு சக்கரத்திலும் வழக்கமான ப்ளீடிங் இன்னொரு முறை செய்யுங்கள், பின்சக்கரங்களை விட்டுவிட வேண்டாம். சீல் பிரிக்காத டப்பாவைப் புதிதாகத் திறந்து அந்த ஆயிலையே ஊற்றுங்கள். வண்டிக்குச் சொன்ன ஆயில் வகை டாட் 4 என்றால் டாட் 4, சிலிகான் டாட் 5 கூடவே கூடாது.

டிஸ்க் ஆட்டம் பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறதோ என்றும் சந்தேகம் வரும். ஆனால் வண்டியை அசைக்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போதே பெடல் இறங்கிவிடுகிறது என்றால் அது இல்லை. அதைவிட, காலிப்பர் டிஸ்க்குக்கு நடுவே நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் இடைவெளியை அளந்து பாருங்கள். நிலையான காலிப்பர் தானாக நகர்ந்து சரிசெய்துகொள்ளாது, அதைத் தாங்கும் பிராக்கெட் கோணலாக இருந்தால் பேட் சாய்ந்து உட்காரும், பெடல் மெத்தென்றுதான் இருக்கும்.

நாலுசக்கரம்:
ஸ்கேன் டூலில் ஏபிஎஸ் ப்ளீடிங் ஓடவிட்டபோது பின்சக்கர நிப்பிளில் குமிழ் குமிழாக வந்தது. திரும்ப நான்கிலும் எடுத்த பிறகு பெடல் கெட்டியாகிவிட்டது, பம்ப் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே உயரம். காலிப்பரும் நடுவில்தான் இருக்கிறது. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கீழே பிடிக்கிறது, அவ்வளவுதான்.

வளைவுப்பாதை:
அந்தக் கொஞ்சம்தான் மேலே போட்ட கணக்கு. மாஸ்டர் வாங்க அவசரப்படாதீர்கள், முதலில் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடிப்பதை உறுதி செய்துகொண்டு பேட் கம்பெனி சொன்னபடி பேடைப் பழக்குங்கள், பேட் முழுப்பரப்பும் டிஸ்க்கில் படிந்தால் பெடல் இன்னும் இறுகும். அதற்குப் பிறகும் பெடல் போகும் தூரம் உங்களுக்குத் திருப்தியாக இல்லை என்றால் 25.4 மி.மீ. மாஸ்டர் பற்றி யோசிக்கலாம். அப்போது பூஸ்டரின் (மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) புஷ்ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து மாட்டுங்கள், அது இல்லாமல் இறுக்கமாக இருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு டிஸ்க் சூடாகிவிடும்.