தீனித்தட்டுக்கு வந்த பறவைகள் திடீரென்று வருவதில்லை, என்ன காரணம்?

கேள்வி:
வணக்கம். கொல்லைப்புறத்தில் தீனித்தட்டு தொங்கவிட்டிருக்கிறேன். சிட்டுக்குருவி, மைனா, புறா என்று காலையில் ஒரே சத்தமாக இருக்கும். இப்போது ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அதே தினை, அதே சூரியகாந்தி விதை, அதே இடம், எதையும் மாற்றவில்லை. அணில் மட்டும் வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகிறது. பொறுத்துப் பார்க்கலாமா, எடுத்துவிடலாமா?

பதில் 1:
பெரும்பாலும் பருவம்தான். மழைக்குப் பிறகு பூச்சியும் புல் விதையும் எங்கும் கிடைக்கும்போது தட்டு எதற்கு? சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான், ஆனாலும் சின்னக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும், அதனால் குஞ்சு பொரித்த சமயத்தில் தட்டுப் பக்கம் வருவது குறையும்.

பதில் 2:
தீனியை அள்ளி முகர்ந்து பாருங்கள். கட்டி கட்டியாக இருந்தாலோ காறல் வாடை அடித்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பூஞ்சணம் பிடித்த தானியம் பறவையைக் கொன்றே போடும். அணில் தின்கிறதே என்று நம்பாதீர்கள்.

கேட்டவர்:
தீனி புதிதுதான், வாடை இல்லை. பருவம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறையும்? இங்கே எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன. அப்புறம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, சுவரோரம் ஒரே இடத்தில் சின்ன இறகுகள் சிதறிக் கிடந்தன.

பதில் 3:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இத்தனை வகைப் பறவையும் ஒன்றாக நின்றால் எனக்கு முதல் சந்தேகம் பயம்தான். இறகின் அடித்தண்டைப் பாருங்கள். முழுசாக இருந்தால் வல்லூறு மாதிரி ஒன்று உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறது, கடித்துத் துண்டானது போல இருந்தால் பூனை.

கேட்டவர்:
முழுசாகத்தான் இருக்கிறது.

பதில் 3:
சரி, அப்படியானால் வேட்டைப் பறவைதான். விரட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அதுவும் பிழைக்கத்தானே வேண்டும். தட்டை இறக்கி ஒன்றிரண்டு வாரம் உள்ளே வையுங்கள், இரை கூடாத இடத்தில் அது அதிக நாள் காத்திருக்காது. மறுபடி மாட்டும்போது புதரிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். குருவிக்கு அது பறந்து ஒளிய எட்டும் தூரம், உள்ளே பதுங்குகிற பூனைக்கு ஒரே தாவலில் எட்டாது.

பதில் 4:
இறக்கிய கையோடு கழுவியும் விடுங்கள். ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி, ஈரம் போகக் காயவைத்த பிறகுதான் தானியம். பலர் இதைச் செய்வதே இல்லை. பிரிட்டனில் 2005 வாக்கில் தொடங்கிய ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி நோயில் கிரீன்ஃபிஞ்ச் குருவிகள் ஏராளமாகச் செத்தன, அது பரவ அழுக்குத் தட்டும் ஒரு வழி. இறகை உப்பிக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவை ஏதாவது கண்ணில் பட்டதா?

கேட்டவர்:
இல்லை, அப்படி எதுவும் பார்க்கவில்லை. இன்றே இறக்கிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டியையும் எடுக்க வேண்டுமா?

பதில் 4:
வேண்டாம், தினமும் தண்ணீரை மாற்றினால் போதும். நோயுள்ள பறவை வந்தால் மட்டும் அதையும் கவிழ்த்து வையுங்கள்.