அப்பாவின் கால் புண்: செயற்கைத் தோலுக்கு மேல் வாக் மெஷினும் வேண்டுமா?

தஞ்சை மகள்:
அப்பாவுக்கு 63 வயது, 18 வருடச் சர்க்கரை. வலது பாதத்தின் மேல்புறம் சீழ் பிடித்து, வெட்டிச் சுத்தம் செய்த பிறகு உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் தசைநாண் வெள்ளையாகத் தெரிகிறது. இன்டெக்ரா என்ற செயற்கைத் தோலை வைத்து, மேலே வாக் மெஷின் (புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இழுக்கும் கருவி) போட்டு, மூன்று வாரம் கழித்துத் தொடைத் தோலை ஒட்டலாம் என்கிறார் டாக்டர். இரண்டும் எதற்கு? செலவைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

வார்டு செவிலி:
இரண்டும் வேண்டும். வெறும் தசைநாண் மேல் தோலை ஒட்டினால் பிடிக்காது, அடியில் ரத்த ஓட்டம் இல்லை. இன்டெக்ரா மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்த பஞ்சு, மேலே சிலிகோன் தாள். அந்தப் பஞ்சுக்குள் அப்பாவின் ரத்தக்குழாய்கள் வளர வேண்டும். அடியில் நீர் கோத்தாலோ தாள் நகர்ந்தாலோ எல்லாம் வீண். பாதம் மேடுபள்ளமான இடம், துணிக்கட்டு அழுத்திப் பிடிக்காது. மெஷினை 125 மி.மீ. பாதரச உறிஞ்சு அழுத்தத்தில் ஓடவிட்டால், தாளுக்கு மேல் வைக்கும் கருப்பு ஸ்பாஞ்ச் சுருங்கி இறுகும், தாள் புண்ணோடு படியும், நீர் குழாய் வழியே டப்பாவுக்குப் போகும். வெளிறிக் கிடந்த தாள் சிவந்து, அப்புறம் பீச் நிறத்துக்கு வருவதை எத்தனையோ கால்களில் பார்த்திருக்கிறேன்.

மதுரைக்காரன்:
பார்த்தது சரி, ஆதாரம் எங்கே? 2015இல் வந்த இன்டெக்ரா ஆய்வில் 307 பேர், 16 வாரத்தில் ஆறியது 51%, சாதாரணக் கவனிப்பில் 32%. அதில் மெஷின் கிடையாது, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தவர்களையே சேர்த்தார்கள். மெஷினை மட்டும் சோதித்த ஜெர்மனியின் டயாஃபூ ஆய்வில் (2020) சாதாரணக் கட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டையும் சேர்த்தால் நன்மையும் இரட்டிப்பாகும் என்று எப்படிச் சொல்வது?

வார்டு செவிலி:
2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வையும் சொல்லுங்கள். பாதத்தில் ஒரு பகுதியை எடுத்த 162 பேர், மெஷினோடு 56% ஆறியது, இல்லாமல் 39%. அதோடு, இங்கே மெஷின் தானாகப் புண்ணை ஆற்ற வரவில்லை, தாளைப் பிடித்து வைக்க வருகிறது. அது வேறு வேலை.

மதுரைக்காரன்:
அந்த வேலைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தமே வராத காலில் தாளைப் பிடித்து வைத்து என்ன பயன்? என் மாமாவுக்கு இதுதான் நடந்தது. தாள் கறுத்துப்போன பிறகுதான் முழங்காலுக்குக் கீழே அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள், அதற்குள் கால் போய்விட்டது. தங்கச்சி, ரத்த ஓட்டம் பார்த்தார்களா? எலும்பில் கிருமி இருக்கிறதா?

தஞ்சை மகள்:
எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்காலில் பிரஷர் பார்த்து நார்மல் என்றார்கள்.

வார்டு செவிலி:
இதில் அண்ணன் பக்கம்தான் நானும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறி இறுகியிருக்கும், அதனால் கணுக்கால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். கால் பெருவிரல் அழுத்தமும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் கேளுங்கள். எலும்பைப் பற்றி எக்ஸ்ரே போதுமா என்றும் கேளுங்கள். ஓட்டம் நன்றாக இருந்தால், செலவுக்குப் பயந்து மெஷினை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தஞ்சை மகள்:
நாளைக் காலையிலேயே கேட்கிறேன். அப்பா இன்னும் அந்தக் காலை ஊன்றித்தான் பாத்ரூம் போகிறார்.

மதுரைக்காரன்:
அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.