சந்தைப் பகுதித் திட்டத்துக்கு ஆலோசகர் எடுக்க வேணும்: முன்மொழிவு கோரலை என்னெண்டு எழுதுறது?

குளக்கட்டு:
வணக்கம். யாழ்ப்பாணத்திலை ஒரு பிரதேச சபையிலை வேலை செய்யிறன். சந்தையைச் சுத்தின பகுதிக்கும் பக்கத்துக் குளங்களுக்கும் திட்டம் தயாரிக்க ஆலோசகர் தேடுறம். முதல்தரம் வந்த முன்மொழிவுகள் எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி. விலை மட்டும் ஒண்டுக்கொண்டு நாலு மடங்கு வித்தியாசம். திரும்பக் கோரச் சொல்லி வரைவை என்னட்டைத் தந்திருக்கினம். பணி விபரம் ஒரேயொரு வரிதான்: “பிரதேசத்துக்கான விரிவான அபிவிருத்தித் திட்டமொன்றைத் தயாரித்தல்.” எங்கை தொடங்கித் திருத்துறது?

நிலஅளவை:
அந்த வரியிலைதான் தங்கச்சி. அதை வாசிச்சு ஒருத்தர் சின்ன அறிக்கையை நினைப்பார், மற்றவர் வீதி, வடிகால், கட்டட ஒழுங்கு எல்லாத்தையும் நினைப்பார். விலை பிரியாமல் என்ன செய்யும்? பிரச்சினையை எழுதுங்கோ: “கார்த்திகை மழைக்குச் சந்தைக்குப் பின் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது. குளத்துக்குப் போன வாய்க்கால் கடைகளின் கீழ் மறைந்துவிட்டது. பழைய வழியைக் கண்டறிந்து, மீட்கக்கூடிய பகுதியை வரைபடத்தில் காட்ட வேண்டும்.” ஆனால் வாய்க்கால் இத்தனை அடி அகலம் எண்டு தீர்வையும் நீங்களே எழுதிப்போடாதேங்கோ. எங்கடை சுண்ணாம்புக்கல் நிலத்திலை குளத்துத் தண்ணிதான் கிணறுகளுக்கு ஊறுது. அது தெரிஞ்சவை வேறை வழி சொல்லக்கூடும்.

கையிலை இருக்கிற படங்கள், பழைய திட்டங்களையும் குறிப்பிடுங்கோ. இல்லாததையும் இல்லையெண்டே எழுதுங்கோ.

வேப்பமரத்தடி:
நான் திட்டமிடலாளர், கோரலுகளுக்குப் பதில் எழுதுற ஆள். காசைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஊகத்திலைதான் எழுதுறம். தரத்தையும் விலையையும் சேர்த்துப் பாக்கிற முறையெண்டால் எதிர்பாக்கிற ஆள்-மாதக் கணக்கை, எத்தனை பேர் எத்தனை மாதம் வேலை செய்யவேணும் எண்டதைப் போடுங்கோ. நிதி இவ்வளவுதான் எண்டால் நிலையான பாதீட்டு முறையிலை தொகையையே சொல்லலாம். அதுக்குள்ளை தொழில்நுட்பத்திலை ஆர் திறம் எண்டு பாப்பீங்கள். எதெண்டாலும் விலை எழுதின நிதி உறை தனி. தொழில்நுட்பப் புள்ளி போட்டு முடியும்வரை அதைத் திறக்கக்கூடாது.

நிறுவனத்தின்ரை பழைய பெருமைக்குப் புள்ளியை அள்ளிக் குடுக்காதேங்கோ. முன்மொழிவிலை பெரிய ஆக்களின்ரை பேர் இருக்கும், களத்துக்கு நேற்றுச் சேர்ந்த பெடியன் வருவான். குழுத்தலைவர் எத்தனை நாள் இஞ்சை நிப்பார், மீன் விக்கிற அம்மாவோடை தமிழிலை இருந்து கதைக்கப்போறது ஆர் எண்டு கேளுங்கோ. எனக்கு இதுதான் முக்கியம்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை, அக்கா. குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழை வருது. அந்த அனுமதியளை ஆலோசகர் எடுக்கவேணும் எண்டு போடலாமோ?

நிலஅளவை:
வேண்டாம். திணைக்களங்களைக் கூட்டி இருத்துறது சபையின்ரை வேலை, அதைச் சபையின்ரை பொறுப்பெண்டே எழுதுங்கோ. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்திப் பகுதியாப் பிரகடனமான இடமோ எண்டும் பாருங்கோ. அப்பிடியெண்டால் அந்த அதிகார சபையின்ரை திட்டத்தோடை ஒத்துப்போகவேணும் எண்டது கோரலிலேயே வரவேணும்.

வேப்பமரத்தடி:
சந்தேகம் கேக்க ஒரு கடைசித் திகதி வையுங்கோ. ஒருத்தர் கேட்டதுக்குப் பதிலை எல்லாருக்கும் எழுத்திலை அனுப்புங்கோ. களம் காட்டவும் ஒருநாள் கூப்பிடுங்கோ, மாரியிலை எண்டால் இன்னும் நல்லம்.