ஸ்டேஜ் 3 என்றால் இன்னும் எத்தனை வருஷம்? சிறுநீரக நோயோடு வாழ்பவர்களின் அனுபவங்கள்

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்குத் தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அளவு) 41, பக்கத்தில் 'ஸ்டேஜ் 3பி' என்று போட்டிருந்தார்கள். மொத்தமே ஐந்து ஸ்டேஜ்தான் என்று படித்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது: பாதி போயாச்சு, இன்னும் ரெண்டே படி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதோடு பல வருஷம் இருப்பவர்கள், உங்களுக்கு எப்படிப் போனது என்று எழுதுங்கள். தைரியம் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

*

தம்பி, எனக்கும் 3பி-யில்தான் தெரியவந்தது. பத்து வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் அதே 3பி-தான்.

நானும் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவன். நெஃப்ராலஜி டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "யூரின்ல அல்புமின் பார்த்தீங்களா?" அதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவே இல்லை. சிறுநீரகம் இன்றைக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைத்தான் ரத்தப் பரிசோதனை சொல்லும். இனிமேல் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்வதில் சிறுநீரில் கசியும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அளக்க ஏசிஆர் என்று ஒரு சிறுநீர் டெஸ்ட். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பவரும் 300-க்கு மேலே இருப்பவரும் ஒரே இஜிஎஃப்ஆர் வைத்திருந்தாலும் ஒரே வண்டியில் போகிறவர்கள் இல்லை.

வயது, ஆணா பெண்ணா, இஜிஎஃப்ஆர், ஏசிஆர் நான்கையும் போட்டால், அடுத்த 2 வருஷத்தில், 5 வருஷத்தில் சிறுநீரகம் செயலிழக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு ஒன்று 2011-இல் வந்தது. டாக்டரிடம் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு 5 வருஷத்துக்கு வந்தது ஒற்றை இலக்கம். 'ஸ்டேஜ் 3' கிளப்பிய பீதிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

என்னைப் போல மெதுவாகப் போகிறவர்களுக்கு டயாலிசிஸைவிட மாரடைப்பும் பக்கவாதமும்தான் பெரிய ஆபத்து. என் டாக்டர் கிரியாட்டினினைவிட (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) பிபி-யைத்தான் அதிகம் கேட்பார். கொழுப்பு மாத்திரையை நிறுத்தவே விட மாட்டார்.

இன்னொன்று, ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தாலே கிரியாட்டினின் ஏறிக் காட்டும்.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு மெதுவாகப் போயிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே. என் அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை, புரதக் கசிவும் ஏராளம். மூன்றாம் ஸ்டேஜில் தெரிந்தது, சில வருஷங்களிலேயே ஐந்து.

இஜிஎஃப்ஆர் 15-க்குக் கீழே வந்ததும் டயாலிசிஸ்தான் என்று பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டோம். டாக்டர் ஆரம்பிக்கவில்லை. பசிக்கிறதா, வாந்தி வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போட்டார். எண்ணை மட்டும் பார்த்து முன்கூட்டி ஆரம்பித்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2010-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறதாம். கையில் ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைப்பது) மட்டும் முன்னாடியே போட்டுவிட்டார். அது தயாராக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. அப்பா இதற்காக நர்ஸ்களோடு சண்டையே போடுவார்.

இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து வந்தால் பேச்சே இருக்காது, படுத்துவிடுவார். மறுநாள் பழைய ஆள். அவரை அதிகம் வாட்டுவது அரிப்பும் ராத்திரி கால் குடைச்சலும்தான். எத்தனை வருஷம் என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

டயாலிசிஸ் வேண்டாம், தொந்தரவுகளுக்கு மட்டும் வைத்தியம் என்று ஒரு வழி இருப்பதையும் டாக்டர் அப்பாவிடம் நேராகவே சொன்னார். வயது கூடி, இதய நோயும் இருந்தால் டயாலிசிஸால் கிடைக்கும் காலம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "செஞ்சு பார்ப்போம். முடியலைன்னா நிறுத்திக்கலாம்ல?" என்றார். நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

*

அக்கா, பூசி மெழுகாமல் எழுதினதுக்கு நன்றி. நான் மாத்திரை பற்றி மட்டும். பிபி-க்கும் புரதக் கசிவுக்கும் சேர்த்து டெல்மிசார்டன் ஆரம்பித்ததும் என் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியது. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் அசையவில்லை: ஆரம்பத்தில் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், அதற்கு மேல் போனால்தான் பார்க்கணும் என்றார். பிறகு டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்த்தார். எனக்குச் சர்க்கரை கிடையாது. சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2020-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு கொடுக்கிறார்களாம். வாந்தி பேதி வந்தால் மட்டும் இவற்றைத் தொடரலாமா என்று உடனே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் பக்கமே போகாதீர்கள்.

*

மாற்று சிறுநீரகத்தோடு இருப்பவன் நான். இது நோய் தீர்ந்த நிலை இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை கடைசிவரை உண்டு. ஆனாலும் வேலைக்குப் போகிறேன், பயணம் போகிறேன். இஜிஎஃப்ஆர் 20 பக்கம் வரும்போதே இதைப் பற்றி டாக்டரிடம் பேச்சைத் தொடங்குங்கள். டயாலிசிஸ் பார்க்காமலே நேராக மாற்று செய்துகொள்ள முடியும், எனக்கு அப்படித்தான் நடந்தது.

'கிரியாட்டினினைக் குறைக்கும் மூலிகை' என்று யாராவது அனுப்பினால் தூக்கிப் போடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போய்விட்டது. காரணம் அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

தம்பி, ஏசிஆர் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள். கூடவே பிபி எவ்வளவு, சர்க்கரை உண்டா, பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட் ஏதாவது கையில் இருக்கிறதா என்றும் எழுதுங்கள். பழசு ஒன்று கிடைத்தாலே எவ்வளவு வேகமாக இறங்கியிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.