மறு: ‘அனிமாலியே’ – ‘விலங்குச் சிற்பி’ போதுமா?

வணக்கம்.

விலங்குகளையே செய்யும் சிற்பியைப் பிரெஞ்சில் ‘அனிமாலியே’ என்பார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பது கேள்வி. ‘விலங்குச் சிற்பி’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையில் பொருள் பிழையில்லை. ஆனால் பிரெஞ்சுச் சொல்லில் இருந்த குத்தல் இதில் காணோம்.

1831ஆம் ஆண்டு பாரீஸின் அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சியான சலோனில் சிற்பி ஆந்த்வான்-லூயி பாரி, முதலையைக் கடித்துக் குதறும் புலி ஒன்றைச் செய்து வைத்தார். (முல்லைக்குத் தேர் தந்த பாரி அல்ல, இவர் பொற்கொல்லர் மகன்.) வரலாறும் புராணமும்தான் உயர்ந்த கலை, விலங்கெல்லாம் கடைசி வரிசை என்றிருந்த காலம். ‘அனிமாலியே’ என்பது அப்போது ஏளனம். 1837இல் ஓர்லேயான் கோமகனின் உணவு மேசைக்காக அவர் செய்த வேட்டைக் காட்சிகளையும் நடுவர் குழு தள்ளிவிட்டது. குதிரையும் ஆளும் காளையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற வேலை அது. அவர்கள் கண்ணுக்கு நகைப் பட்டறைச் சாமானாகத் தெரிந்தது! அப்புறம் பல ஆண்டுகள் பாரி சலோன் பக்கமே போகவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘விலங்குக்காரர்’. மாட்டுக்காரர், பாம்புக்காரர் என்பது போல. சொல்கிறவர் குரலைப் பொறுத்து இளக்காரமாகவும் இருக்கும், தொழில் பெயராகவும் நிற்கும். ‘மாக்கலைஞர்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ‘மா’ விலங்கையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும், அழகுதான். ஆனால் படிப்பவர் ‘பெருங்கலைஞர்’ என்றே எடுத்துக்கொள்வார். பாரிக்கு அதில் வருத்தமிருக்காது, நமக்குத்தான் சிக்கல்.

அடுத்தது, ஆள் ஏறிய குதிரைச் சிலை. ‘குதிரைவீரர் சிலை’ எல்லா இடத்திலும் ஒட்டாது. பியேர்-ழூல் மேன் 1863இல் செய்த ‘டெர்பி வெற்றியாளர்’ என்ற குதிரைப் பந்தயச் சிலையில் மேலே இருப்பவர் பந்தய ஜாக்கி. நம் கண் போவதோ குதிரை மேல். எம்மானுவேல் ஃப்ரெமியே 1874இல் பாரீஸில் நிறுவிய ஜோன் ஆஃப் ஆர்க் சிலையில் நாயகி ஜோன்தான். ஆனாலும் குதிரை பெரிதாகிவிட்டது என்ற குறை ஃப்ரெமியேயை விடவில்லை; 1899இல் சிறிய குதிரையோடு வேறொன்றை வார்த்து வைத்தார். அரசர், ஜாக்கி, ஜோன் மூவருக்கும் பொருந்துவது ‘குதிரையேற்றச் சிலை’ என்று நினைக்கிறேன். ‘பரிமேற்படிமம்’ வேண்டாம், உரை எழுத வேண்டியிருக்கும்.

வார்ப்பு முறைகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். பாரியின் அந்த வேட்டைக் காட்சிகளை ஒனோரே கோனோன் வார்த்தது மெழுகு வார்ப்பில், அதாவது மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் முறையில். சுவாமிமலையில் வழங்குகிற சொல்லே போதும். மற்றது மணல் வார்ப்பு.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. ரோசா பொனேர் ஓவியத்தோடு விலங்குச் சிற்பமும் செய்தவர். அவரை ‘விலங்குக்காரி’ என்றால் காதில் உறுத்துகிறது. இருபாலுக்கும் ‘விலங்குக்காரர்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.