இஞ்சி எலுமிச்சைச் சாறு கசக்கிறது, மூடியும் தெறிக்கிறது. எங்கே தப்பு?

தாம்பரம் கணக்கர்

வணக்கம். சமையலில் எனக்குத் தெரிந்தது வெந்நீர் போடுவதும் முட்டை அவிப்பதும்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்து, ரயில் பிடித்து, வீட்டில் சாப்பிட உட்கார இரவு பத்தாகிவிடும். சாப்பிட்ட கையோடு படுக்கை. நாற்பது வயது வரை இது ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருடமாக வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொள்கிறது. சனிக்கிழமை பரோட்டா சாப்பிட்டால் ஞாயிறு மதியம் வரை ஏப்பம், அதுவும் சால்னா வாசனையோடு.

வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து இஞ்சி எலுமிச்சைச் சாறு செய்தேன். 200 கிராம் இஞ்சியைத் தோலோடு நறுக்கினேன். பத்து எலுமிச்சம்பழத்தை நாலாக வெட்டி, தோல், விதை எல்லாவற்றோடும் மிக்ஸியில் போட்டு அரைத்தேன். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறினதும் நாலு கரண்டி தேன் கலந்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். பாட்டிலைக் கழுவினேன், ஆனால் துடைக்கவில்லை.

முதல் நாளே கசப்பு. அடுத்த நாள் வேப்பங்காயைக் கடித்தது போல இருந்தது. பத்துப் பழம், தேன் எல்லாம் காசாயிற்றே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தேன். குடித்த அரை மணியில் நெஞ்சுக்குக் கீழே தீ வைத்த மாதிரி எரிந்தது. நாலாம் நாள் இரவு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க மறந்து மேடையிலேயே விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அங்கேயே கிடந்தது. சாயங்காலம் மூடியைத் திருகினேன், சோடா உடைத்தது போல டப்பென்று சத்தம், நுரை பொங்கி சுவரெல்லாம் தெறித்தது. "இதைக் குடிக்கிறதுக்கு நீங்க பரோட்டாவை விடலாம்" என்றாள் வீட்டுக்காரி. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பரோட்டாவை விட முடியாது.

கசப்பு ஏன் வந்தது? நுரைத்தது ஏன்? எப்படிச் செய்தால் சரியாக வரும்?

காலைநடை

சார், கசந்தாலும் விடாதீர்கள். வெறும் வயிற்றில் 48 நாள் குடித்தால் தொப்பைக் கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். கசப்பு என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

புளியங்குடி மாஸ்டர்

கணக்கர் தம்பி, முதலில் ஒன்று. கசப்பு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றெல்லாம் இல்லை. தோல் வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு கொழுப்பைக் கரைக்கிற கதையையும் விட்டுவிடுங்கள். கல்யாண வீடுகளில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவன் நான், தினம் எலுமிச்சையோடுதான் பிழைப்பு. என் தொப்பையைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் உங்களுக்கே தீர்ந்துவிடும்.

நீங்கள் பார்த்த வீடியோவில் இருந்தது வேறு பழம். அங்கே லெமன் என்பது பெரியது, முட்டை வடிவத்தில் தடித்த தோலோடு இருக்கும். நம்ம ஊர் எலுமிச்சை லைம் வகை. சின்னது, மெல்லிய தோல், புளிப்பும் அதிகம். அவர்கள் முழுப் பழத்தைப் போட்டு அரைக்கிறார்கள் என்று நாமும் அரைத்துக் கொதிக்கவிட்டால் தோல், உள் வெள்ளை, விதை என்று எல்லாக் கசப்பும் சாற்றில் இறங்கிவிடும். தோலே இல்லாமல் பிழிந்தாலும் எலுமிச்சைச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும், சூடு பட்டால் சீக்கிரம் கசக்கும். அதனால்தான் எந்தச் சமையல்காரனும் ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு எலுமிச்சை பிழிகிறான். சித்ரான்னமும் அப்படித்தான்.

நுரைத்ததற்குக் காரணம் தேன். கெட்டியாக இருக்கிற வரை தேன் கெடாது, தண்ணீரில் கரைத்துவிட்டால் புளிக்கும். கொதித்து ஆறின பிறகு பச்சைத் தேனைக் கலந்தீர்கள், ஈரப் பாட்டிலில் ஊற்றினீர்கள், வெளியே வைத்தீர்கள். சாராயம் காய்ச்சப் பழகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலே வெடிக்காமல் மூடியோடு போனதே, அதுவரை நல்லது.

இனி செய்கிற முறை. இஞ்சியும் எலுமிச்சையும் ஒரே பாட்டிலில் குடியிருக்கக் கூடாது. இஞ்சிச் சாற்றைத் தனியே எடுத்து வையுங்கள், எலுமிச்சையைக் குடிக்கிற நேரத்தில் டம்ளரில் பிழியுங்கள். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

இஞ்சி 100 கிராம் போதும். நகத்தால் கீறினால் தோல் உரிந்து வருகிற இளசாகப் பாருங்கள். முற்றல் இஞ்சியில் நார்தான் மிஞ்சும். கத்தியால் சீவினால் பாதிச் சதை போய்விடும், டீ ஸ்பூன் முனையால் சுரண்டுங்கள். கணு இடுக்கில் மண் ஒளிந்திருக்கும், உடைத்துக் கழுவுங்கள். பொடியாக நறுக்கி அரை டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம், வீடியோக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பிழிந்ததும் சாறு கலங்கல் மஞ்சளாக இருக்கும். அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி முக்கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒன்று படியும். ஊரில் சுண்ணாம்பு என்றே சொல்வார்கள், நஞ்சு என்றும் பயமுறுத்துவார்கள். அது சுண்ணாம்பும் இல்லை, நஞ்சும் இல்லை. இஞ்சியில் இருக்கிற மாவு. சுடுதண்ணீரில் விழுந்தால் கஞ்சி மாதிரி வழவழத்துத் தொண்டையில் ஒட்டும், அதற்காகத்தான் நீக்குகிறோம். டம்ளரை மெல்லச் சாய்த்து மேலே இருக்கிற தெளிவை மட்டும் துடைத்து உலர்ந்த பாட்டிலில் இறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நகரத் தொடங்கினால் கையை நிறுத்திவிடுங்கள்.

ராத்திரி சாப்பிட்டு அரை மணி கழித்து, வாய் பொறுக்கிற சூட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் எடுங்கள். தெளிவுச் சாறு இரண்டு டீ ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை இந்துப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் கால் ஸ்பூன். இனிப்பு வேண்டுமானால் கொஞ்சம் கருப்பட்டி. மடக் மடக்கென்று குடிக்காமல் டீ மாதிரி உறிஞ்சுங்கள்.

பழம் வாங்கும்போது கெட்டிப் பச்சையைத் தொடாதீர்கள். தோல் வழவழவென்று மஞ்சள் திரும்பி, கையில் கனக்க வேண்டும். வெட்டுமுன் உள்ளங்கையால் மேடையில் அழுத்தி உருட்டினால் சாறு தாராளமாக இறங்கும். எலுமிச்சைச் சந்தை இருக்கிற ஊர்க்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மிச்ச இஞ்சிச் சாற்றைச் சூடான பாலில் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால் வேண்டாம். என் கையாள் பையன் ஒருத்தன் சங்கரன்கோவில் கல்யாணத்தில் இஞ்சி டீ போடுகிறேன் என்று பத்து லிட்டர் பாலில் பச்சைச் சாற்றை ஊற்றினான். பாலைக் கட்டியாக்குகிற சத்து இஞ்சியிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் டீ டீ என்று நிற்கிறார்கள், அண்டாவில் தயிர் மாதிரி குலுங்குகிறது. டீக்கு இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டுத்தான் பால் சேர்க்க வேண்டும்.

இரவுப்பணி

மாஸ்டர் அண்ணா சொன்ன முறை அருமை. நான் செவிலியர், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயத்தில் குறுக்கே வருகிறேன்.

கணக்கர் சார், வயிறு உப்புவது வேறு, நெஞ்சு எரிவது வேறு. சாப்பாடு மந்தமாகி வயிறு கனக்கிறது என்றால் இஞ்சி உதவும். இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதை அது கொஞ்சம் வேகப்படுத்தும், ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி எரிகிறது என்றால் அது அமிலம் மேலே வருவது. அதற்கு எலுமிச்சை குடிப்பது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. இஞ்சியும் அளவு மீறினால் எரிக்கும். எரிகிற நாளில் எலுமிச்சையைத் தொடாதீர்கள், வெறும் வயிற்றில் எந்த நாளும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். எந்தச் சாற்றையும்விட அதுதான் உங்களுக்கு அதிகம் கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினசரி இஞ்சிச் சாறு தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். புளிப்பு குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள், எனாமல் தேயும்.

கடைசியாக, திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம். கேஸ் என்று நினைத்துக்கொண்டு இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை அல்லது தாடை வரை வலி இருந்தால் சாறு கரைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலும், விழுங்கச் சிரமமாக இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

செல்லம்மா பேத்தி

எங்கள் ஆச்சி பச்சை இஞ்சி இல்லாத நாளில் சுக்கைத் தட்டிப் போடுவார். சுக்குக்குக் காரம் ஜாஸ்தி, அரை ஸ்பூன் பொடியே ஒரு டம்ளருக்குப் போதும். மாவைத் தெளிய வைக்கிற வேலையும் இல்லை, கொதிக்கவைத்து வடிகட்டினால் முடிந்தது. சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் தட்டுவார். ஏன் ஆச்சி என்று கேட்டால், "எங்கம்மா சீவினா, நான் சீவுறேன்" என்பார்.

தாம்பரம் கணக்கர்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் தடவை அந்த வெள்ளையைப் பார்த்தபோது ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். டம்ளர் அடியில் நெல்மணி உயரத்துக்கு, அவ்வளவு சுத்தமான வெள்ளை. விரலால் தொட்டேன், கோலமாவைத் தண்ணீரில் குழைத்த மாதிரி இருந்தது. மாஸ்டர் சொன்னது சரிதானா என்று அதையும் கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். கஞ்சியேதான், சந்தேகமே இல்லை.

கசப்பு சுத்தமாக இல்லை. சீரகம் சேர்ந்ததும் ரசத்தின் தெளிவைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரியும் இப்போது அரை டம்ளர் கேட்கிறாள். இரவுப்பணி அக்கா சொன்னதைக் கேட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து சாறு மட்டும். வயிறு உப்புவது நன்றாகவே குறைந்திருக்கிறது. சாற்றாலா, ஏழு மணிச் சாப்பாட்டாலா என்று கணக்கில் பிரித்து எழுத முடியவில்லை. இரண்டு நாள் நெஞ்செரிச்சல் இருந்தது, அன்று எலுமிச்சை சேர்க்கவில்லை.

பரோட்டா சனிக்கிழமை தொடர்கிறது. மூன்றை இரண்டாக்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், மாஸ்டர் அண்ணே. இஞ்சித் தெளிவை ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்? தினமும் துணி முறுக்கக் கை வலிக்கிறது.

புளியங்குடி மாஸ்டர்

மூன்று நாள், மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் வாசம் போய்விடும். கை வலிக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாகப் பிழிந்து தெளியவைத்து, ஐஸ் தட்டில் குழிக்கு இரண்டு ஸ்பூன் ஊற்றி உறையவிடுங்கள். ராத்திரி ஒரு கட்டியை டம்ளரில் போட்டு மேலே வெந்நீர் ஊற்றினால் போதும். தட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். என் பேரன் பழ ஐஸ் என்று எடுத்து வாயில் போட்டுவிட்டு வீடு முழுக்க ஓடினான்.